என் மகள் சொன்ன ‘என்ன’

மகளுக்கு ஆறு வயதாகியும் பேச்சு வரவில்லை. கைகால்கள் இறுகிப்போனவள். பாயில் சாய்த்து வைத்தால் உட்கார்ந்திருப்பாள். இரத்தினபுரிக்கு கிளினிக் கூட்டிப் போகத் தொடங்கிய பிறகு ஒரே ஒரு சொல் வந்தது: “என்ன.”

முதல் நாள் நானும் வீட்டுக்காரரும் லயத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் கேட்கும்படி சந்தோஷப்பட்டோம். பிறகுதான் வினை. அவர் வாசலில் காலை வைத்தால் போதும், அவரைப் பார்த்து “என்ன” என்பாள். ஒன்றுமில்லை என்று அவரும் சொல்லிப் பார்ப்பார். விட மாட்டாள்.

எங்கள் வீட்டில் சண்டைக்கா பஞ்சம்? பிள்ளையைப் பார்க்க நான் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவதை நிறுத்தியது ஒரு சண்டை. யார் வழியில் இப்படி வந்தது என்பது தீராத சண்டை. நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. கத்தி முடித்து அவர் வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்காருவார். உள்ளேயிருந்து மகள் “என்ன” என்பாள். உடனே எழுந்து ரோட்டுக்கு இறங்கிவிடுவார்.

பெல்மதுளையில் துணிக்கடையில் அவருக்கு வேலை. இனி அங்கேயே தங்கிக்கொள்வதாக ஒருநாள் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“எம் மொகத்தப் பாத்து என்ன என்னன்னு கேக்குது. நா என்னத்த சொல்லுவேன்? ஏன் இப்பிடி பெத்தீங்கன்னு கேக்குற மாதிரியே இருக்கு.”

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. போகிறவருக்கு ஒரு சாக்கு வேண்டும், அதையும் பிள்ளை தலையிலா கட்டுவது?

அடுத்த கிளினிக்கில் நாங்கள் உள்ளே இருந்தபோது, கதவருகே ஒரு குழந்தை வர மாட்டேன் என்று அடம்பிடித்தது. பேச்சுப் பழக்கும் சிங்கள மிஸ் கையை நீட்டி, “என்ன புத்தே, என்ன” என்று கூப்பிட்டார். என் மடியிலிருந்த மகளும் அந்தக் குழந்தையைப் பார்த்து “என்ன” என்றாள். குழந்தை உள்ளே வந்தது.

சிங்களத்தில் ‘புத்தே’ மகனே, ‘என்ன’ என்றால் ‘வாங்க’. எங்களுக்கும் பிறந்ததிலிருந்து காதில் விழுகிற சொல். லயத்துக்குள் கேட்டதால் தமிழ் என்றே நினைத்துவிட்டோம். கையை நீட்டிக் கூப்பிட முடிந்த பிள்ளையாக இருந்தால் என்றைக்கோ விளங்கியிருக்கும். பஸ்ஸில் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

வீட்டுக்கு வந்தபோது அவர் பையோடு இஸ்தோப்பில் நின்றார். நான் மகளை உள்ளே பாயில் உட்காரவைத்தேன். அவரைப் பார்த்து “என்ன” என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அவ கேள்வி கேக்கலங்க,” என்றேன். “கடவாசல்ல நின்னு நாள் பூரா சனத்த கூப்புடுறீங்களே, அந்த என்ன.”

கடையில் சொல்வதைச் சொல்லிப் பார்க்கிறார் போல, அவர் உதடு மட்டும் அசைந்தது. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். மகள் மறுபடியும் கூப்பிட்டாள்.

“வந்துட்டேம்மா,” என்றார்.