நோலீனின் பத்தாவது தோட்டா

எங்கள் துப்பாக்கி மன்றத்துக் கூடத்தில் ஒரு மரப்பலகை தொங்குகிறது. அதில் தங்க எழுத்தில் என் பெயர் இருக்கிறது: அத்தோல் மெக்லே, அறுநூறு கெஜம், நாற்பத்தொன்பது புள்ளி. வருகிறவன் போகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டுகிறான். தட்டும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் பலகையில் இருக்க வேண்டிய பெண்ணைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். சரி, பலகையில் வேண்டாம். யாருடைய வாயிலாவது அவள் பெயர் வரவேண்டும், அவ்வளவுதான்.

நோலீன் ஹார்க்னஸ் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டியவள். ஐம்பத்துநாலு வயது, குள்ளம், கட்டையான உடம்பு, கேட்டால்தான் பேசுவாள். புருஷன் டெஸ் எங்கள் கேன்டர்பரி சமவெளி முழுக்க ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலி போட்டவன். ஒருநாள் வேலிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்தபோதே பக்கவாதம் வந்து சாய்ந்தான். உயிர் பிழைத்தது, பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது, "நோல்." தண்ணீர் வேண்டுமென்றால் நோல். பயமென்றால் நோல். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் நோல். விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை, மூன்று வருடம்.

இதெல்லாம் எனக்குத் தெரியாமலா? சின்ன ஊர்தானே. தெரிந்தும், அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை அவள் எங்கள் மைதானத்து வாசலில் வந்து நின்றபோது நான் எரிந்துதான் விழுந்தேன். மன்றச் செயலாளர் நான். எனக்கு முன்கோபம் என்பது ஊரறிந்த விஷயம்.

"பொம்பளைங்களச் சேத்துப்பீங்களா?" என்றாள்.

"சுடத் தெரியுமா?"

"முயல் சுட்டிருக்கேன்."

"முயல் ஓடும், இது நிக்கும். நிக்கிறதத்தான் அடிக்க முடியாது, போய் உக்காரு."

போகாமல் அங்கேயே நின்றாள். எங்களிடம் மன்றத்துத் துப்பாக்கி என்று ஒன்றே ஒன்று உண்டு, புதிதாக வருகிறவர்களுக்கு இரவல் கொடுக்க. வேறு வழியில்லாமல் அதை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் நாள் முந்நூறு கெஜத்தில் பத்துத் தோட்டா. ஆறு மண்ணில் போயிற்று. குழிக்குள் இருந்து இலக்கைத் தூக்கி இறக்குகிறவர்கள் மேலே மண் கொட்டுகிறது என்று தொலைபேசியில் திட்டினார்கள். முடிந்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. காதடைப்பை மாட்டிக்கொண்டு பாயில் குப்புறப் படுத்தே கிடந்தாள்.

"முடிஞ்சுதும்மா, எழுந்திரு!" என்று கத்தினேன். கேட்கவில்லை. தோளைத் தட்டினேன்.

காதடைப்பை ஒரு பக்கம் தூக்கினாள். "இன்னும் ரெண்டே ரெண்டு நிமிஷம் படுத்துக்கட்டுமா, அத்தோல்? இதை மாட்டினா யாரும் என்னைக் கூப்பிடறதில்ல."

அவளை அப்படியே விட்டுவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

சனிக்கிழமை மதியம் ஒன்றிலிருந்து ஐந்துவரை டெஸ்ஸின் தங்கை ரோனா வந்து அவனைப் பார்த்துக்கொள்வாள். ரோனா லேசுப்பட்டவள் இல்லை. "துப்பாக்கி சுடப் போறேங்கிற, சரி, அது ஒரு விளையாட்டு, ஒரு ஒழுங்கு இருக்கு. அது இருக்கிற வரைக்கும் வரேன். நீ கடைத்தெருவுல காலாட்டிக்கிட்டு நடக்கிறதுக்கெல்லாம் நான் வந்து உக்கார மாட்டேன்" என்று நேருக்கு நேரே சொல்லிவிட்டாளாம். நோலீனுக்கு வாரத்தில் அந்த நாலு மணி நேரம்தான் மூச்சு.

இப்போது விதியைச் சொல்லவேண்டும். அதை எழுதியவன் நானே, பாவி. முன்பு ஒருத்தன் அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்க் கொட்டகையில் துரு ஏற விட்டான். வந்த கோபத்தில் எழுதினேன்: இரவல் ஒரு பருவத்துக்கு மட்டும். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை அறுநூறு கெஜத்தில் பத்துத் தோட்டாவில், நட்டநடுவில் பட்டால் ஐந்து என்ற கணக்கில், நாற்பது புள்ளி எடுத்தால் இன்னொரு வருடம் வைத்துக்கொள்ளலாம். எடுக்காவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போகும். பட்டியலில் ஐந்து பேர் இருந்தார்கள். சொந்தமாகத் துப்பாக்கி வாங்கும் நிலைமை அவளுக்கு இல்லை.

அறுநூறு கெஜத்துக்கு மாறியதும் பத்தொன்பது எடுத்தாள். பிறகு இருபத்துநாலு. கிறிஸ்துமஸுக்கு அப்புறம் முப்பத்தொன்று. சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துத் துடைப்பக்கட்டையை வைத்துப் பழகினாள். பேருந்து ஓட்டும்போது கொடியில் காயும் துணியையும் பாப்லர் மரங்களையும் பார்த்து, அந்தக் காற்றுக்குக் குறிகாட்டியின் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்று கணக்குப் போடுவாளாம். பள்ளிப் பிள்ளைகள் பின்னால் இருந்து, "நோலீன், இன்னிக்குக் காத்து எத்தனை கிளிக்கு?" என்று கேலி செய்யும். அவளும் சொல்லுவாள். மார்ச்சில் முப்பத்தெட்டு வந்தது. நாற்பது மட்டும் வரவேயில்லை.

கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தைய நாள் தபால் நிலையத்தில் என்னைப் பார்த்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"அத்தோல், முப்பத்தெட்டு போதாதா?"

"நாப்பதுன்னா நாப்பது, நோலீன்."

"எனக்கு அது போச்சுன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "சரி, நாளைக்குப் பாப்போம்."

ஏப்ரலில் வடமேற்குக் காற்றுக்கு எங்கள் பக்கம் வேலையே கிடையாது. அன்றைக்கென்று வந்தது. மலையிலிருந்து இறங்கிச் சூடாக, குறுக்கே, விட்டு விட்டு அடித்தது. மைதானத்துச் சிவப்புக் கொடிகள் விறைத்து நிற்கும், திடீரென்று தொங்கும், மறுபடி விறைக்கும். நாலாம் இலக்கு அவளுக்கு, ஐந்தாம் இலக்கு எனக்கு. அதே சுற்றுதான் எங்கள் வருடாந்திரக் கேடயத்துக்கும். பதினாலு வருடம் அதற்காகச் சுட்டிருக்கிறேன். பதினாலு வருடமும் இரண்டாவது, மூன்றாவது. லின்ட்சே காட்டர் அன்று முன்னாடியே சுட்டு நாற்பத்தெட்டில் முடித்துவிட்டு, கையில் ஆட்டிறைச்சி சாண்ட்விச்சோடு என் பின்னால் நின்றான்.

"என்ன அத்தோல், இந்த வருஷமும் வழக்கமான இடம்தானா?"

"வாயை மூடிட்டுத் தின்னுடா."

ஒன்பது தோட்டா முடிந்தது. எனக்கு நாற்பத்துநாலு. கடைசியில் ஐந்து அடித்தால் கேடயம் எனக்கு. நோலீனுக்குப் புள்ளி எழுதிக்கொண்டிருந்த பெவன், "முப்பத்தாறு" என்று சத்தமாகச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் காற்றிலா! அவளுக்கு ஒரு நாலு வந்தால் போதும்.

இருவரும் காத்திருந்தோம். கொடிகள் விறைப்பாக நின்றன. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு தோட்டாவுக்கும் முன்னால் இலக்கின் எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வது அவள் வழக்கம். நாலு, நாலு என்று உதடு அசையும். அப்போது கொடிகள் சட்டென்று தொங்கின. முந்தைய காற்றுக்குத் திருகி வைத்ததை இப்போது குறைத்தாக வேண்டும். கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுத்து, திருகைப் பார்த்து, கிளிக் கிளிக்கென்று ஒழுங்காகக் குறைத்தாள். மைதானத்தில் அந்தப் பருவத்திலேயே முதல்தடவையாகப் பக்கத்திலிருந்து யாரும் சொல்லாமல் அவளாகக் காற்றைப் படித்தாள். அபாரம்! மறுபடி கன்னத்தை வைத்தாள். காற்று திரும்புவதற்குள் சுடவேண்டுமே என்று எண்ணைச் சொல்லவில்லை.

அதே அமைதியில் நானும் சுட்டேன். இரண்டு வெடியும் ஒரே சத்தமாகக் கேட்டது.

எத்தனை வருடமாகச் சுடுகிறேன். விசையை வெடுக்கென்று இழுத்துவிட்டேன் என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். கீழே, இடது பக்கம், இரண்டு புள்ளி. பதினைந்தாவது வருடமும் போச்சு என்று நெற்றியைப் பாயில் வைத்தேன்.

குண்டு பட்டதற்கு அடையாளமாக ஐந்தாம் இலக்கு இறங்கியது. நாலாம் இலக்கு அப்படியே நின்றது.

பெவன் தொலைபேசியை எடுத்தான். "நாலைப் பாருங்கப்பா." நாலு இறங்கி, ஏறியது. அதில் ஒன்றும் இல்லை. பெவன் கேட்டுக்கொண்டே இருந்தான், பிறகு தலையைச் சொறிந்தான். "அஞ்சுல ரெண்டு ஓட்டையாம். ஒண்ணு நட்டநடுவுல. ஒண்ணு கீழ இடது பக்கம், ரெண்டு புள்ளி."

பக்கத்து இலக்கில் சுட்டால் சுட்டவருக்குச் சுழி. ஒரே நேரத்தில் இரண்டு விழுந்தால் இலக்குக்கு உரியவருக்கு இரண்டில் அதிகமான புள்ளி. எங்கள் விளையாட்டில் அது எழுதி வைத்த விதி. யாரும் எதையும் மாற்ற முடியாது.

"நாப்பத்தொம்பது!" என்று பெவன் கத்தினான். லின்ட்சே சாண்ட்விச்சை வீசிவிட்டு என்னைக் கட்டிப் பிடித்தான். அப்புறம் அவன் நோலீன் பக்கம் திரும்பி, கெட்ட எண்ணமில்லாமல்தான், சிரித்தபடி சொன்னான். "பக்கத்து வீட்டுலயும் போய் ஓரமாத்தான் அடிச்சியா, நோலீன்?" எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தின் நடுவில் அடித்தது அத்தோல், கீழே விட்டது நோலீன் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. வருமா?

அவள் எழுந்து மண்டியிட்டு உட்கார்ந்தாள். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. மெல்ல என்னிடம் கேட்டாள்.

"எனக்கு நல்லாப் போன மாதிரி இருந்துச்சு, அத்தோல். என் குண்டு எங்க போச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

உண்மையைச் சொன்னால் என்ன குறைந்துபோயிருக்கும்? எது யாருடையது என்றாலும் விதிப்படி எனக்கு ஐந்துதான், அவளுக்குச் சுழிதான். கேடயம் எங்கேயும் போயிருக்காது. அந்த முதுகுத்தட்டல் மட்டும் போயிருக்கும். அதற்காக, வெறும் அதற்காக, நான் சொன்னேன். "தெரியாதும்மா."

புள்ளிச் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஊரில் ஜெயித்தவனை நாற்காலியில் உட்காரவைத்துச் சுடுமேட்டிலிருந்து கூடம்வரை தூக்கிக்கொண்டு போவார்கள். கூடச் சுட்டவர்கள் தோள் கொடுக்க வேண்டும், அது மரியாதை. நாற்காலி வந்தது. லின்ட்சே ஒரு கால், பெவன் ஒரு கால், இன்னொருத்தன் ஒரு கால். நாலாவது காலை நோலீன் பிடித்தாள். குள்ளம் என்பதால் கையை உயர்த்தி, நுனிக்காலில் நடந்தாள். "இறக்கி விடுங்கடா" என்றேன். வெட்கப்படுகிறான் என்று இன்னும் மேலே தூக்கினார்கள்.

ஐந்து மணிக்கு முன்னால் துப்பாக்கியைச் சுத்தமாகத் துடைத்து, தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டைக் கழற்றி, துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "எண்ணெய் போட்டிருக்கேன்" என்றாள். காதடைப்பையும் கொடுத்தாள். அது மன்றத்துடையது.

பெவன் நல்லவன். அடுத்த கூட்டத்தில், "பாவம், இன்னொரு வாய்ப்புக் குடுப்போமே" என்றான். நான் ஒத்துக்கொண்டிருந்தால் அந்தச் சுற்றைப் பற்றிப் பேச்சு எழும், ஓட்டைகளைப் பற்றிப் பேச்சு எழும். "விதின்னா விதி" என்று மேசையைத் தட்டினேன். துப்பாக்கி பேக்கரிக்காரரின் மருமகனிடம் போயிற்று.

ஆறு வாரம் தூக்கமில்லை. கேடயத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை மதியம் என் சொந்தத் துப்பாக்கியை வண்டியில் வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பின்கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவள் பத்து வயது கூடியவள் மாதிரி இருந்தாள்.

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். இழுத்துவிட்டது, கீழே போனது, தெரியாது என்று சொன்னது, மேசையைத் தட்டியது வரை.

"அப்ப நடுவுல அடிச்சது நானா?"

"நீதான். நட்டநடு."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"சுட்ட நொடியிலயே."

உள்ளேயிருந்து டெஸ் கூப்பிட்டான். "நோல்!"

"என் துப்பாக்கிய எடுத்துக்க, நோலீன். வண்டியில இருக்கு. எத்தனை வருஷம் வேணும்னாலும் வச்சுக்க. நான் வேற பாத்துக்கறேன்."

"துப்பாக்கி இருக்கு. டெஸ்ஸப் பாத்துக்க ரோனா எங்க?" என்றாள். "நீ சுடப் போகலைன்னா எனக்கு இங்க என்ன வேலைன்னு டிமாரு ஊருல இருக்கிற மக வீட்டோட போயிட்டா. இனிமே வர மாட்டா."

"நோல்! நோல்!"

தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு நின்றேன். அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் நிறைந்து நின்றது, குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"அன்னிக்கு உன்கிட்ட என் குண்டு எங்க போச்சுன்னு மட்டும்தானே கேட்டேன், அத்தோல். புள்ளி கேட்டனா, துப்பாக்கி கேட்டனா? அன்னிக்குச் சொல்லியிருந்தா வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டே வந்திருப்பேன்."

"நோல்!"

"வரேன்" என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.