சாம்பார் தாங்கிய பெட்டி

நேற்று பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாடு கட்டி வாங்கினேன். பழுப்பு நிறப் பெட்டி. கடை வாசலிலேயே அதைச் சாய்த்து, அடியில் கசிகிறதா என்று பார்த்தேன். குழம்பு சட்டையில் வழிந்தது. கடைக்கார அக்கா முறைத்தார். இந்தப் புத்தி எனக்குப் போகாது.

சூடுபட்ட நார் வாசனை இருக்கிறதே, ஈரச் சாக்கை வெயிலில் போட்டதுபோல, அது என்னை நேராகத் தெலுக் பங்லிமா காராங்குக்கு இழுத்துப் போய்விடும். அங்கே ஒரு தகரக் கொட்டகையில்தான் என் முதல் வேலை. முதலாளி புனிதா அக்கா, பாலிஸ்டிரீன் பெட்டி ஆலையில் சூப்பர்வைசராக இருந்தவர். ஆலை மூடியதும் அங்கிருந்த பழைய அழுத்து இயந்திரம் ஒன்றை வாங்கி, செம்பனை எண்ணெய் ஆலைகள் பழத்தை உதிர்த்துவிட்டுக் கழித்துப் போடும் வெறுங்குலை நாரைக் கூழாக்கிச் சாப்பாட்டுப் பெட்டி செய்யப் புறப்பட்டார். அவர், மெக்கானிக் அஸ்மான், நான். மூன்றே பேர்.

பெட்டி என்னவோ வரும். காயும்போது அப்பளம்போல வளைந்துவிடும். நான்கு மாதம் இதே கதை. எனக்குப் பொறுமை எப்போதுமே கம்மி. ஷா ஆலமில் வேறு வேலை தேடிப் பிடித்துவிட்டு, விலகல் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். ஒரு காலையில் கொடுத்தே விடுவது என்று போனால், அக்கா என்னைப் பேசவே விடவில்லை.

“தம்பி, மகளோட ஸ்கூல் சட்டைய ஈரத்தோட அயர்ன் பண்ணேன். வெறச்சுக்கிட்டு நிக்குது! நாம பெட்டிய வெளிய எடுத்துத்தானே காயவைக்கிறோம்? மோல்டுக்குள்ளயே சூடு பண்ணிக் காயவச்சா?”

“மோல்டு போயிரும்க்கா. இருக்கிறதே ஒண்ணுதான்.”

“போனா போவுதுலா.”

முதல் பெட்டி, ஆவி வெளியேற வழியில்லாமல் வெடித்தது. கூழ் அஸ்மானின் மூக்குக்கண்ணாடியில் அப்பியது. அவர் துடைத்துக்கொண்டு அச்சில் சின்னச் சின்னத் துளைகள் போட ஆரம்பித்தார். சாயங்காலம் ஒரு பெட்டி வளையாமல் வந்தது. அக்கா தன் மதியச் சாம்பாரைக் கொதிக்கவைத்து அதில் ஊற்றினார். மூவரும் சுற்றிக் குந்திக்கொண்டோம். பத்து நிமிஷம். அரைமணி. ஒரு சொட்டு இறங்கவில்லை. அக்கா அழுதுவிட்டார். நான் கடிதத்தைக் கிழித்துக் கூழ்த்தொட்டியில் போட்டேன்.

இப்போது ஜெஞ்சாரோம் பக்கம் எங்களுக்குப் பெரிய ஆலை. முன்பு எரித்துத் தள்ளிய குலைகள் லோரி லோரியாக எங்களிடம் வருகின்றன. நல்லதுதான். ஆனால் என் அறையில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எதையாவது மாற்றிப் பார்க்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அஸ்மான் ஓய்வுபெற்றுக் கம்பத்துக்கு, தன் கிராமத்துக்கே, போய்விட்டார்.

போன வாரம் பழைய இடத்துக்குப் போனேன். கொட்டகை இல்லை, கண்டெய்னர்கள் அடுக்கியிருந்தன. அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டேன். “மீட்டிங்ல இருக்கேன் தம்பி, அப்புறம் கூப்புடுறேன்.” வாசல் கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

காவலாளி வந்தார். “யாரப் பாக்கணும் பாஸ்?”

“இங்க இருந்த கொட்டகையப் பாக்க வந்தேன்,” என்றேன்.