லவோன் குசேராவின் நாலு நிமிஷம்

லவோன் குசேராவுக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அது பிறவிக் குணம் என்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், தப்பு. பத்தொன்பது வருஷம் தானியக் கிடங்கில் எடை போட்டவள் அவள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா விவசாயிகள் மேலே காய்ந்த சோளம், அடியில் ஈரச் சோளம் என்று லாரியில் கொட்டிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடி உருகுகிறவர்களும் அவர்கள்தான். பார்த்துப் பார்த்துக் கண் அப்படி ஆகிவிட்டது.

கிடங்கை மூடிய பிறகு ஊர் கிளினிக்கின் பின்னறையில் அந்தக் கண்ணுக்கே ஒரு வேலை கிடைத்தது. லாரி ஓட்டுகிறவர்கள் போதைப் பொருள் எடுத்திருக்கிறார்களா என்று பார்க்க, அவர்களின் சிறுநீரை வாங்கி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். யார் பெயர் எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. முதலாளி சொன்ன நிமிஷம் கிளம்பி வந்தாக வேண்டும்.

வந்தவனின் கோட்டைக் கழற்றி வாங்குவாள். பையைக் கவிழ்க்கச் சொல்வாள். குழாயை டேப் போட்டு மூடுவாள். தண்ணீரை மொண்டு கலந்துவிடக் கூடாதே என்று கக்கூஸ் தொட்டியில் நீலச் சாயம் ஊற்றுவாள். கோப்பையோடு வெளியே வந்த நாலு நிமிஷத்துக்குள் அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும், சூடு இருந்தால் மட்டும் எண் காட்டும் பட்டையைப் பார்க்க வேண்டும். தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இருந்தால், அது அப்போது உடம்பிலிருந்து வந்ததில்லை, ஒளித்துக் கொண்டுவந்தது என்று சந்தேகம்.

ஒரு ஜனவரிக் காலையில் எமில் ஹ்ரூபி வந்தான். முப்பத்தொரு வருஷமாக மாட்டு லாரி ஓட்டுகிறவன். ஒரு கெட்ட பெயர் இல்லை. அதுவே லவோனுக்கு உறுத்தியது.

"பையில இருக்கறதையெல்லாம் எடுத்து வைங்க."

"என்னது, 'வைங்க'வா? நேத்து கடையில 'தள்ளுடா எமிலு'ன்ன?"

"கடை வேற, இது வேற. இது என்ன பொட்டலம்?"

"கைக்குச் சூடு குடுக்கற பொட்டலம். வெளிய குளிர்ல விரலே உதிர்ந்துடும் போல இருக்கு."

"இதை வெச்சு வேற எதை எதையோ சூடு பண்றவங்களை நான் பாத்திருக்கேன்."

"உன் புத்திக்கு லீவே கிடையாதா லவோனு?"

பொட்டலத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவனை உள்ளே அனுப்பினாள். அப்போது போன் அடித்தது. யாரோ ஒரு லாரி முதலாளி, எடுத்ததுமே புலம்ப ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்திலேயே எமில் கோப்பையோடு வெளியே வந்து நின்றான். அவள் போனைக் காதில் வைத்தபடியே ஜன்னல் விளிம்பைக் கைகாட்டினாள். அவன் அங்கே வைத்தான்.

போனை வைத்துவிட்டுப் பட்டையைப் பார்த்தாள். ஒரு எண்கூடத் தெரியவில்லை. ஆறிப்போயிருந்தது.

"சூடே இல்லை. மறுபடி குடுக்கணும். இந்தத் தடவை ஆம்பளை நர்ஸ் கூட வந்து நின்னு பாப்பாரு. தொடை வரைக்கும் இறக்கணும்."

எமிலின் காது மடல் சிவந்தது. "எனக்கு அறுபத்திரண்டு வயசு. எவன் முன்னாடியும் இறக்க மாட்டேன். அந்தப் பொட்டலத்தை வெச்சு ஏமாத்தியிருந்தா, சூடாத்தானே இருந்திருக்கும்? யோசிக்க மாட்டியா?"

"சரியா சூடு பண்ணத் தெரியலை போல. வெளிய கால் வெச்சா மறுத்துட்டதா எழுதுவேன். மறுத்தா, போதைல மாட்டினதும் அதுவும் ஒண்ணுதான். அமெரிக்காவுல ஒரு முதலாளியும் உன்னை லாரில ஏத்த மாட்டான்."

"எழுது. உனக்கு அதானே வேணும்?" எமில் கோட்டை எடுத்தான்.

அவன் முதலாளிக்குச் சொல்ல லவோன் போனைத் தூக்கினாள். கடைசியாகப் பேசிய அழைப்பின் நீளம் அதில் தெரிந்தது: ஒன்பது நிமிஷம். பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே இவன் வெளியே வந்துவிட்டான் என்பது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கோப்பை இருந்த ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கமே பனி பூத்திருந்தது.

எமில் அந்த ஒன்பதைப் பார்க்கவில்லை. பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவன் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டான்.

"உக்காரு எமிலு."

"எதுக்கு?"

"நாலு நிமிஷத்துல பாக்கணும். நான் பாக்கலை. போன்ல இருந்துட்டேன். உக்காரு, வெளிய போயிடாதே."

கிராண்ட் ஐலண்ட் ஊரில் இருக்கும் தன் மேலாளரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "அதைக் கொட்டிட்டுப் புதுசா வாங்குங்க, சாதாரணமா. தப்பு உங்களோடதுன்னு எழுதி அனுப்புங்க. இத்தனை வருஷத்துல இப்படி எத்தனை தடவை லவோன்?" என்றார். அந்தக் கேள்வி அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

எமில் தண்ணீர் குடித்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தான். "அப்ப நான் யோக்கியன்னு ஒத்துக்கறியா?"

"அதெல்லாம் இல்லை. நான் லேட்டுன்னுதான் சொன்னேன். நீ எப்படின்னு ஆய்வகம் சொல்லட்டும்."

"மன்னிப்புக் கேக்கறதுலகூட உனக்குக் கஞ்சத்தனம்!"

இந்தத் தடவை கதவுக்கு வெளியிலேயே கையை நீட்டிக்கொண்டு நின்றாள். தொண்ணூற்றாறு டிகிரி. சீல் வைத்தாள்.

முடிவு என்னவென்று கோப்பை வாங்குகிறவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிப்ரவரியில் மேலாளர் வந்து, கோப்பை வாங்குவதை அவளை மூன்று தடவை ஒத்திகை செய்து காட்டச் சொல்லி, பின்னால் நின்று அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். லவோனுக்கு முதுகு கூசியது.

மார்ச் மாதம், பாலத்தின் மேல் அவள் காருக்கு எதிரே மாட்டு லாரி வந்தது. அந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்காமல் எவரும் போக மாட்டார்கள். ஓட்டுவது வேறு யாராவதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். எமிலேதான். அவள் விரலைத் தூக்கினாள். அவன் தூக்கவில்லை.

போகட்டும். வண்டியை இன்னும் அவன்தான் ஓட்டினான்.