தானாய்க் கரையேறும் மீனுக்குத் தூண்டில் கொண்டுபோனவன்

மன்னாரில் பிறந்தவனுக்கு மீன்பிடி தெரியும் என்று கனடாவில், மொன்றியலில் எல்லாரும் நம்புகிறார்கள். நானும் மறுத்ததில்லை. ஊரில் நான் சைக்கிள் ரியூப் ஒட்டியவன். அதனால்தான் 2006 ஜூன் தொடக்கத்தில், முட்டையிடத் தானாகவே கரையேறும் கப்லான் என்ற சின்ன மீனைப் பிடிக்க, நாற்பது டொலருக்குத் தூண்டிலும் ஒரு டப்பா புழுவும் வாங்கிப் போனேன்.

உண்மையில் நான் மீனுக்காகப் போகவில்லை. மூத்த மகள் ஜெனி, செப்டெம்பரில் சென் லோரன்ஸ் ஆறு கடலாகும் அந்தப் பக்கத்தில் போய்ப் படிக்கப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அங்குள்ள குளிரைக் காட்டினால் மனம் மாறுவாள் என்று கணக்குப் போட்டேன்.

"காட்டுங்கோ, காட்டுங்கோ" என்று மனைவி சிரித்தாள்.

மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பகுதியிலுள்ள வீட்டிலிருந்து நானும் ஜெனியும் காலை ஏழுக்கு வெளிக்கிட்டோம். கியூபெக் நகரம் 250 கிலோமீற்றர். அங்கிருந்து மலைப்பாதையில் இன்னும் 215. அங்கே சகேனே ஆறு குறுக்கிடும், பாலமில்லை. காரோடு படகில் ஏற்றுகிறார்கள்: பத்து நிமிடம், இலவசம். நம்பாமல் இரண்டு தரம் விலை கேட்டேன்.

அன்றிரவு அக்கரையில் தங்கினோம். மறுநாள் விடிய ஐந்தரைக்குக் கடற்பெருக்கு. நான் புழுவைக் கோர்த்துக்கொண்டிருக்க, அலையோடு வெள்ளி வெள்ளியாக மீன் வந்து கூழாங்கல்லில் துள்ளியது. ஒன்று என் சப்பாத்துக்குள்ளேயே புகுந்தது. பக்கத்தில் வாளியால் அள்ளிக்கொண்டிருந்த முதியவர் என் தூண்டிலைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னவாம்?"

"மீனுக்கு வெக்கமாயிருக்குமாம் அப்பா, தூண்டிலை மறைக்கட்டாம்."

அவர் தன் வாளி மீனை உருளைக்கிழங்குப் பாத்திக்கு உரமாகப் போடப்போகிறாராம்.

"ஐயோ, பொரிக்காமலோ! மறி பிள்ளை அவரை!"

காரில் கொண்டுவந்த காஸ் அடுப்பை மூட்டி, மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, நெத்தலி மாதிரி மொறுமொறுவெனப் பொரித்துக் கொடுத்தேன். ஒன்றைக் கடித்தார், முகம் சிவந்தது, மூக்கைத் துடைத்தார், பேந்தும் கை நீட்டினார். கடைசியில் பாத்திக்கு அரை வாளிதான் மிஞ்சியது.

ஜெனி முழங்கால்வரை தண்ணீரில் நின்றாள். உதடு நீலம். "குளிருதோ?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஓம் அப்பா. நல்லாயிருக்கு!"

போகிறவர்களுக்கு: பெருக்கு நேரத்தை முதலே விசாரியுங்கள். வாளி, உயரமான ரப்பர் சப்பாத்து, தேவைக்குமேல் மஞ்சள் கொண்டுபோங்கள். மீன் வரும் நாளை ஒருவரும் உறுதியாகச் சொல்லமாட்டார்கள். இரண்டு இரவு தங்குவது நல்லது. தூண்டில் வேண்டாம்.

திரும்பும்போது படகில் ஜெனி கேட்டாள்: "அப்பா, அப்ப நான் இங்கால படிக்க வரட்டோ?"

"நல்ல குளிர்ச்சட்டை வாங்கவேணும்" என்றேன்.

எனக்கும் அங்கே ஒரு அறை கிடைக்குமோ என்று மட்டும் கேட்கவில்லை.