மாமாவின் இடது கீழறை

என் தாய்மாமாவை நினைத்தால் முதலில் கண்ணில் தெரிவது அவருடைய முகமல்ல, தலைப்பாகையின் நுனி. காற்றே இல்லாதபோதும் அது மேலும் கீழும் மெல்ல ஆடிக்கொண்டிருக்கும். உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஓர் ஏலத் தோட்டத்தில் அவர் கங்காணி. அவர் தயவில் நான் அங்கே ஆபீஸ் கணக்கப்பிள்ளை. யார் எதைக் கேட்டாலும் அவர் தலை ஆகட்டும் என்றது. லீவு கேட்டவனுக்கு லீவு கிடைத்தது. சண்டை போட்டுக்கொண்டு வந்த இருவரும் தீர்ப்பு தங்கள் பக்கமே என்று மகிழ்ந்து போய், லயத்துக் குடியிருப்பில் மறுபடியும் அடித்துக்கொண்டார்கள். இப்படியொரு நல்ல மனசு இந்த மலையில் கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். படித்தவன் என்ற முறையில் நான் அதையே இன்னும் அலங்காரமாகச் சொல்லித் திரிந்தேன்.

அந்த நல்ல மனசின் லட்சணம் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வெளிப்பட்டது. மாமாவுக்கு மூச்சு வாங்குகிறதென்று அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் கிழக்குப் பாலக்காட்டுக்காரர். நாடியைப் பிடித்தவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"ஏனுங்க கங்காணி, கொஞ்சம் தலைய ஆட்டாம இருங்க."

"நா எங்கய்யா ஆட்டுதேன்? அது பாட்டுக்கு ஆடுது."

டாக்டர் என் விரலை எடுத்து மாமாவின் மணிக்கட்டில் வைத்தார். நாடி ஒரு குதி குதித்தது. தலை ஒருமுறை ஆடியது. மறுபடி குதி, மறுபடி ஆட்டம். கொள்ளியைத் தொட்டவன்போல் கையை இழுத்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக எங்களுக்குச் சரி சொன்னது மாமா அல்ல, அவருடைய நோய்.

இன்று பட்டணத்தில் நெஞ்சையே படம் பிடிக்கிற யந்திரம் வந்துவிட்டது. அன்று எங்கள் டாக்டருக்குக் கிடைத்தது ஓர் ஆட்டு இதயம். அதைப் பிளந்து காட்டினார். இதயத்தைப் பற்றிப் பாட்டுகளில் ஏராளமாகப் படித்திருந்தேன். அதன் கீழ்ப்பாதியில் இரண்டு அறைகள் உண்டென்று ஒரு புலவரும் சொன்னதில்லை. வலது அறையின் சுவர் மெலிசு. பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு ரத்தம் அனுப்பினால் அதன் வேலை தீர்ந்தது. இடது அறையின் சுவர் தடித்திருந்தது. உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அதுதான் தள்ளியாக வேண்டும். மாமாவுக்கு அந்த இடது அறையின் வாசற்கதவு சரியாக மூடவில்லை. வெளியே தள்ளிய ரத்தத்தில் ஒரு பங்கு திரும்பி வந்தது. அதையும் சேர்த்துத் தள்ளித் தள்ளி அறை பெருத்துவிட்டது. அது உதைக்கிற உதையில்தான் தலை ஆடியது.

"மலை ஏறுனா அந்த அறை தாங்காதுங்க" என்றார் டாக்டர்.

கங்காணி என்றால் மலை ஏறாமல் முடியாது. வருஷந்தோறும் போடிக்கு இறங்கி, ஆள் பிடித்து, அவர்களோடு நடந்தே திரும்ப வேண்டும். அந்த வாரமே தோட்டத்து வெள்ளைக்காரத் துரை மாமாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பக்கத்து மேஜையில் நான் இருந்தேன்.

"கங்காணி, கீழே போறது, ஆள் கொண்டு வர்றது. சரியா?"

மாமா வாயைத் திறக்கும் முன்பே தலை சரி என்றது. "குட்" என்று துரை பேனாவை எடுத்துவிட்டார். அப்போது மாமா இரண்டு கைகளாலும் தன் தாடையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"முடியாது துரை. ஏறுனா செத்துருவேன்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். அந்தத் தோட்டத்தில் அவர் முகத்துக்கு நேரே முடியாதென்று ஒருவர் சொன்னதில்லை.

"தலை சரி சொல்லுது, வாய் இல்லை சொல்லுது. இதிலே யார் கங்காணி?"

"வாய்தான் துரை. தலை வேற ஆளு."

துரை சிரிக்கவில்லை. வேலை வேறொருவருக்குப் போயிற்று. வேலையோடு வீடும் போயிற்று. வெளியே வந்ததும் மாமா தாடையிலிருந்து கையை எடுத்தார். விரல் தடம் சிவந்திருந்தது.

"ஏலே, நா புடிச்சிருந்தப்ப தலை ஆடலைல்லா?"

"கல்லு மாதிரி நின்னுச்சு மாமா" என்றேன்.

தலையோடு அவர் கையும் முழங்கையும் தோளும் சேர்ந்து துரைக்குச் சரி சரி என்று ஆடியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.