அவர் போட்ட பூட்டு

என் தம்பி ஒரு கல்லுளிமங்கன். ஆலையில் நீராவிக் குழாய்களின் வால்வுகளைப் பழுது பார்ப்பவன். வால்வைக் கழற்றி எடுத்துப் போகமாட்டான். குழாயில் இருந்த இடத்திலேயே மூடியைத் திறந்து, உள்ளே கையை விட்டு, அரித்துப்போன இடத்தைத் தேய்த்துச் சமன்செய்து, திரும்ப மூடுவான். ஸ்குரூடிரைவரின் நுனியை வால்வின் மேலும் பிடியைக் காதிலும் வைத்து, உள்ளே ஆவி கசிகிறதா என்று கேட்பான். நான் சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறவே ஏறாது.

அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர் என் வீட்டுக்காரர். மாமனும் மச்சானும் ஜோடியாகத்தான் வேலை செய்வார்கள். ஆலை இரைச்சலில் பேச்சு எடுபடாது, குழாயில் தட்டித்தான் பேச வேண்டும். இரண்டு தட்டினால், கை உள்ளே இருக்கிறது, ஆவியைத் திறக்காதே. மூன்று தட்டினால், வேலை முடிந்தது. இது போக, ஆவி வரும் வழியை அடைத்தவன் வால்வைத் திருகும் சக்கரத்தில் சங்கிலி சுற்றித் தன் பூட்டைப் போடுவான். போட்டவன்தான் அதைத் திறக்க வேண்டும். ஆள் பத்திரமாக வெளியே வந்துவிட்டான் என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

ஒருநாள் பழைய கொட்டகைக்குப் போகும் குழாயில் பூட்டைப் போட்டுவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று அவர் மதியமே வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே சரிந்துவிட்டார். அதன் பிறகு கொட்டகைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பூட்டு அங்கேயே தொங்கியது. சாவி என் கொத்தில் வீட்டுச் சாவியோடு கிடந்தது. எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

இந்த வருஷம் கொட்டகையை மறுபடி திறக்க வேண்டும், அந்த வால்வைச் சரிசெய் என்று தம்பியிடம் சொன்னார்கள். போய்க் காதை வைத்தவன் பேயறைந்தவன்போலத் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவன் எந்த வால்வுக்குள்ளும் கையை விடவில்லை. பூட்டை வெட்டக் கட்டரோடு வந்தவர்களைக் குறுக்கே நின்று மறித்திருக்கிறான். ஃபோர்மேன் நல்ல மனிதர்தான். இருந்தாலும் நாளைக்குள் ஒரு முடிவுக்கு வா, இல்லாவிட்டால் இனி வால்வு வேலையே உனக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். என்னடா என்று நாலு முறை அதட்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அக்கா, மாமா இன்னும் கையை வெளிய எடுக்கல. ரெண்டு ரெண்டா தட்டுறாரு."

உனக்குப் புத்தி கித்தி கெட்டுவிட்டதா, செத்தவரை நிம்மதியாக இருக்க விடமாட்டாயா என்று கண்டபடி திட்டினேன். திட்டிவிட்டேனே தவிர, எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தெரிந்த ஒரே தொழிலும் போய்விட்டால் இவன் என்ன ஆவான்?

காலையில் சாவிக்கொத்தோடு ஆலைக்குப் போனேன். ஃபோர்மேன் கொடுத்த ஹெல்மெட் என் மூக்கு வரை இறங்கியது. வால்வு ஒரு மூலையில் துருவேறி நின்றது, சங்கிலியில் அவருடைய பூட்டு. தம்பி ஸ்குரூடிரைவரை நீட்டினான். இதற்கெல்லாம் ஒரு நாடகமா என்று முணுமுணுத்துக்கொண்டேதான் காதில் வைத்தேன்.

டக், டக். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் டக், டக். இரண்டாவது தட்டு சற்று மெதுவாக விழுந்தது. எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை அவர் அப்படித்தான் தட்டுவார்.

பக்கத்தில் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைக் கண்டதும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

"என்னங்க, வேலை முடிஞ்சிடுச்சு," என்றேன். "கையை எடுத்துக்குங்க. இவனை விட்டுடுங்க."

ஸ்குரூடிரைவராலேயே குழாயில் மூன்று தட்டினேன். பூட்டைத் திறந்து முந்தானையில் முடிந்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

மறுநாள் ஆவியே வராதபடி கொதிகலனை நிறுத்தினார்கள். தம்பி வால்வைத் திறந்து, உள்ளே கையை விட்டு, வேலையை முடித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். பசி என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தேய்ந்த ஒரு நட்டை எடுத்து என் முன்னால் வைத்தான். உள்ளே ஆவியை அடைக்கும் பாகத்தைப் பிடித்திருந்த நட்டாம். அது தளர்ந்துபோய், ஆவி அழுத்தும்போதெல்லாம் அந்தப் பாகம் ஆடி அடித்திருக்கிறது.

அடப்பாவி, இந்த நட்டுக்கா அக்காவும் தம்பியும் இப்படிப் பயந்தோம் என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து பிறகுதான் சொன்னான்.

"கொதிகலனை இன்னைக்குத்தான் நிறுத்துனாங்க அக்கா. ஆனா சத்தம் நேத்தே நின்னுடுச்சு, நீ தட்டுனதுமே. சாயங்காலம் வரைக்கும் காதை வச்சுப் பார்த்தேன்."

தம்பி தேறிவிட்டான். பழையபடி வேலைக்குப் போகிறான், தூங்குகிறான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் தட்டுவது ஒரே ஒரு முறை என் காதில் விழுந்தது. கூட ஒரு நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். அவசர அவசரமாக நானே போகச் சொல்லிவிட்டேன்.