தும்மல் மாஸ்டர் கத்தியைத் திரும்பப் பிடித்த கதை

முகத்தில் தீக்காயத் தழும்புள்ள ஒருவர் சலூனுக்கு முடி வெட்டிக்கொள்ள வருவார். அவர் வந்தாலே தும்மல் மாஸ்டர் நாற்காலியைக் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுவிடுவார். "இந்தப் பக்கம்தாங்க வெளிச்சம் நல்லா வருது" என்பார். பக்கத்துக் கடையில் பை தைக்கிற எனக்குத் தெரியும், அந்தப் பக்கம் ஜன்னல்கூடக் கிடையாது.

அந்தப் பட்டப்பேர் சும்மா வரவில்லை. முடித்தூளோ பவுடரோ பட்டால் போதும், அவருக்கு ஒவ்வாமை. வருஷக்கணக்காக மூக்கு அடைத்தே கிடந்தது, வாயால்தான் மூச்சு. தும்மல் முட்டினால் கத்தியை உயரத் தூக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவார். பெஞ்சில் இருப்பவர்கள் "கத்தி மேல!" என்று கூவுவார்கள். மாத்திரை போட்டால் கண் சொக்கும். சவரக்கத்தி பிடிக்கிறவர் சொக்கலாமா?

ஒருநாள் தும்மல் சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. சலூன் முதலாளியின் மைத்துனருக்குக் காதோரம் கீறிவிட்டது.

"போதும் மாஸ்டர். இனிமே கத்தியத் தொடாதீங்க. கடையக் கூட்டுங்க, துண்டு மடிங்க, அது போதும்" என்றார் முதலாளி.

துடைப்பத்தோடு அவரைப் பார்க்கவே எனக்கு மனசு கேட்கவில்லை. பிறகுதான் மூக்கு டாக்டரிடம் போனார். திரும்பி வந்ததும் நான் விடவில்லை.

"மூக்குக்குள்ள ரெண்டு பக்கமும் மடிப்பு மடிப்பா சதை இருக்காம் தம்பி. அது வீங்கி வழிய அடைச்சிருக்காம். ஆபரேஷன் பண்ணலாம்ங்கறாங்க."

"வெட்டி எடுத்துருவாங்களா?"

"முழுசா எடுக்கக் கூடாதாமே! உள்ள போற காத்தை அதுதான் சூடாக்கி ஈரமாக்குதாம். கொஞ்சம் சுருக்கி விடுவாங்களாம்."

"மீசை ஒதுக்கற மாதிரியா?"

"நானும் அதையேதான் கேட்டேன். டாக்டரம்மா சிரிச்சுட்டாங்க. ஆனா ஒவ்வாமை கூடவேதான் இருக்குமாம். மூக்குல மருந்து அடிக்கணுமாம். தும்மல் போயிரும்னு மட்டும் சத்தியம் பண்ண மாட்டேங்கறாங்க."

மூக்குக்குள் காற்றைச் சூடாக்க ஒரு ஏற்பாடு! படைத்தவன் எதை எங்கே வைத்திருக்கிறான் பாருங்கள். அன்று முழுக்கத் தைத்தபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷன் முடிந்து, உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவிக் கழுவிப் புண் ஆறியதும் கடைக்கு வந்தார். முதலாளி கையைக் கட்டிக்கொண்டு, "யாராவது உக்காந்தா கத்தியக் குடுக்கறேன்" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் விட்டத்தைப் பார்த்தார்கள். நான் ஆண்டவனை நினைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"தம்பி, யோசிச்சுக்க. வீட்ல சொல்லிட்டு வந்தியா?"

"செரைங்க மாஸ்டர்."

கன்னம் முடிந்து கத்தி தொண்டைக்கு வந்தது. சட்டென்று நின்றது. "இரு, மூக்கு நுனியில நமநமங்குது" என்றார். நிதானமாகக் கத்தியை மடித்து மேஜையில் வைத்தார், இரண்டடி தள்ளிப் போனார், துண்டில் தும்மினார், கை கழுவிவிட்டு வந்தார்.

"பாத்தீங்களா முதலாளி? முன்ன அடைச்ச மூக்குல கடைசி நொடி வரைக்கும் ஒண்ணுமே தெரியாது. இப்ப சொல்லிட்டு வருது!"

முதலாளி சிரித்துவிட்டார். "மீதியையும் முடிங்க மாஸ்டர்."

அதன் பிறகு பல காலம் அந்தக் கத்தி அவர் கையில்தான் இருந்தது. போன வருஷம் மகள் ஊரிலேயே கடை போடக் கிளம்பினார். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"புது ஊருல என் தும்மலைப் பத்தி முதல்லயே சொல்லிருவேன் தம்பி. கேட்டுட்டும் உன்ன மாதிரி ஒருத்தன் உக்காரணும். கொஞ்சம் வேண்டிக்க."